ஏரிக்கரையில் ஒரு பாய் வீடு

பழவேற்காட்டு மணலில் கால் ஊன்றியதும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உனக்குப் பாய் வூடு யாருபா?" என்பதுதான். கேட்டவன் சத்திரத்து ஆள். எங்கள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டான். நான் அலையில் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். என் மனைவி தெய்வானை ஒரு கையில் மூட்டையும் இன்னொரு கையில் ஆறு மாத வயிறுமாக, குமட்டலை அடக்கிக்கொண்டு நின்றாள். படுக்கப் பாய் நாங்களே கொண்டுவந்திருக்கிறோம் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினான்.

யாழ்ப்பாணத்தில் நான் சாயவேர் தரம் பார்க்கிறவன். மணல் தரையில் கிளறி எடுக்கும் அந்த வேரில்தான் துணிக்குச் சிவப்பு ஏறுகிறது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கும்பனிக்குத் துணி கொடுக்கும் செட்டியார் ஒருவர், எங்கள் பக்கத்து வேரில் பாதி மண்ணாக வருகிறதென்று சலித்துப்போய், ஆளையே வரவழைத்துவிட்டார். ஒல்லாந்தர் கொடி அங்கேயும் பறக்கிறது, இங்கேயும் பறக்கிறது. அதனால் ஊர்தான் மாறுகிறோம், நாடு மாறவில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். சத்திரத்தில் முதல் வாய்ச் சோறு உள்ளே போனதும் அந்த நினைப்பு போய்விட்டது. தேங்காய்ப்பால் என்பதே இல்லாத குழம்பு. புளியைக் கரைத்து ஊற்றி, அது போதாதென்று இன்னும் கொஞ்சம் ஊற்றியிருந்தார்கள். தெய்வானை மட்டும் மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பாய் வீடு என்றால் என்னவென்று சத்திரத்து மணியக்காரர்தான் விளக்கினார். "கப்பல்ல வர்றவன் வருவான், ஜொரத்துல வுழுவான், பாக்க நாதி இருக்காது. முன்ன அப்படியே மணல்ல கொண்டுபோய்ப் போட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தக் கண்ராவியைப் பாத்துட்டு ஏரிக்கரை ஊருங்க எல்லாம் கூடிப் பேசி வச்சது இது. புதுசா குடிவர்றவன், நான் படுத்தா எனக்குப் பாய் போட்டுப் பாத்துக்க இந்த வூடு இருக்குனு காட்டணும். காட்டினாத்தான் உனக்கு இங்க குடியிருக்க வூடு கெடைக்கும், வேலை கெடைக்கும்."

நல்ல ஏற்பாடுதான் என்று தோன்றியது. செட்டியாரிடம் போய், இதை இரண்டொரு நாளில் முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒண்டிக்கட்டைன்னா சுளுவு. கூட மாசமா இருக்கற பொண்ணு வேற" என்றார். வாடைக்காற்று எழுந்ததும் நாங்கள் வந்த தோணி யாழ்ப்பாணம் திரும்பும், அதற்குள் பாய் வீடு அமையாவிட்டால் அதிலேயே ஏறிக்கொள்ள வேண்டியதுதான் என்று அதே குரலில் சொன்னார்.

தெய்வானைக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை தங்கவில்லை, அவளும் மயிரிழையில் பிழைத்தவள். தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் வரும்போதே கடல் அவளைப் பாடாய்ப் படுத்திவிட்டது. வாடையில், மழையில், நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு அதே தோணியில் ஏற்றினால் அவளைக் கரை சேர்ப்பேனா என்று நினைக்கவே பயமாக இருந்தது. சாதாரண நாளிலேயே நான் ஓரிடத்தில் உட்காராதவன், காலில் சக்கரம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்குச் சத்திரத்து முற்றத்தை நான் அளந்த அளவுக்கு யாரும் அளந்திருக்கமாட்டார்கள். "உங்களைப் பாக்க எனக்குத் தலை சுத்துது, கொஞ்சம் இருங்கோ" என்றாள் தெய்வானை.

மறுநாள் விடிந்ததும் கோட்டைக்குப் போனேன். கோட்டைக்குள் கும்பனியின் வைத்தியசாலை இருக்கிறது, வெள்ளைக்கார வைத்தியர் இருக்கிறார், காசைக் கொடுத்தால் ஆயிற்று என்பது என் கணக்கு. வாசலில் துபாசி ஒருவர் குடையோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லாந்தர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்வதுதான் அவருக்கு வேலை, ஆனால் அதைவிட ஆட்களைத் திருப்பி அனுப்புவதில் கெட்டிக்காரர். "கும்பனிச் சம்பளம் வாங்கறவனுக்குத்தான் உள்ள படுக்கை. அதுக்குன்னு அவன் சம்பளத்துலயே புடிச்சுக்கறாங்க. நீ செட்டியார் ஆளு. அதுவும் புள்ளத்தாச்சிக்கா? உள்ள ஒரு பொம்பளை கெடையாது."

மதிலோரம் இரண்டு சோல்தாதுகள், ஒல்லாந்தர் சிப்பாய்கள், வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு முகம் மஞ்சள் பூத்திருந்தது. அவன் இன்னொருவனிடம் ஏதோ சொல்ல, துபாசி கேட்காமலே மொழிபெயர்த்தார்: "ஊருக்குப் போனா மொதல்ல ஒரு கட்டி வெண்ணெயை அப்படியே தின்னுவேன்றான்." திரும்பும் வழியில் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைத் தாண்டினேன். கல்தச்சன் ஒருவன் பலகைக் கல்லில் எலும்புக்கூடு செதுக்கிக்கொண்டிருந்தான், விலா எலும்பு ஒவ்வொன்றாக. இவ்வளவு பெரிய வைத்தியசாலையும் வைத்துக்கொண்டு இவனுக்கு இத்தனை வேலையா என்று நினைத்து நடையை வேகமாக்கினேன்.

அடுத்து பொன்னேரிப் பக்கம். அங்கே நெல் விளைகிறது, நெல் விளைகிற இடத்தில் நாலு பேரைத் தாங்கும் வீடு இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். போன மாட்டுவண்டியில் இடப்பக்கத்து மாடு பாதி வழியில் படுத்துவிட்டது. வண்டிக்காரன் அதன் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். எங்கள் ஊராக இருந்தால் வண்டிக்காரனுக்கும் எனக்கும் சண்டை நடந்திருக்கும். இங்கே யாரோடு சண்டை போடுவது? இறங்கி நடந்தேன். ஊர் எல்லைக்கு வந்தபோது அதே வண்டி என்னைத் தாண்டிப் போயிற்று.

பொன்னேரியைச் சுற்றி வீடு வீடாக ஏறி இறங்கினேன். யாரும் விரட்டவில்லை. எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள், வயல் பேச்சு பேசினார்கள், நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. ஒரு வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டாள்: "உன் வூட்டுக்காரிக்கு ஒடம்பு எதுனா செரியில்லையா?" ஒன்றுமில்லை, கல் மாதிரி இருக்கிறாள் என்றேன். முதல் பிள்ளையைப் பற்றி மூச்சு விடவில்லை. "அப்போ எதுக்கு நீயே வந்து கேக்கற?" என்றாள். வேறு யார் வருவார்கள், எனக்குத்தானே தேவை என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். மோர் குடித்துக் குடித்து எனக்கு வயிறு உப்பியதுதான் மிச்சம்.

ரங்கப்பா என்னைக் கண்டுபிடித்தது பொன்னேரிச் சந்தையில்தான். நல்ல பருமன், காதில் கடுக்கன், வடக்கே தெலுங்கு தேசத்திலிருந்து வந்து ஆரம்பாக்கத்தில் தங்கிவிட்ட தரகர். நான் தேடுவது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சந்தை முச்சூடும் உன் கதைதான் நைனா" என்றார். தன் வீட்டையே பாய் வீடாகத் தருவதாகச் சொன்னார். மாதாமாதம் என் மூலமாகச் செட்டியார் கடைத் துணியில் ஒரு பங்கு அவருக்கு வரவேண்டும், அவ்வளவுதான். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதே கிளம்பி ஆரம்பாக்கம் போனோம்.

வீட்டுக்குள் கூடம் நிறையக் கோரைப்பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒன்றை உருவினேன். மேலே தூசி அப்பியிருந்தது, உள்ளே கோரையின் பச்சை இன்னும் மங்கவில்லை. ஒருவரும் அதில் படுத்ததில்லை. "இதில யாரும் படுக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"படுக்கற மாதிரி யாருக்கும் வரல நைனா. எல்லாம் ஆண்டவன் புண்ணியம்" என்றார். பிறகு, தும்மினவனுக்கு நூறாயுசு சொல்லுகிற மாதிரி லேசாக மற்ற விவரங்களைச் சொன்னார். மழைக்காலத்துக் காய்ச்சல் எல்லோருக்கும் வருவது, அதற்கு அவர் பொறுப்பில்லை. தண்ணீரில் இறங்கி வரும் நோய் ஏரிக்காரர்கள் பாடு. வயிற்றுப்போக்கு சாப்பிட்டவன் பாடு. முன்பே இருந்த நோய் கூடவே கூடாது. பிரசவம் நோயே இல்லை, அதனால் பேச்சுக்கே இடமில்லை.

"பிறகு எதுக்குத்தான் பாய் போடுவியள்?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"மத்த எல்லாத்துக்கும்" என்றார் ரங்கப்பா. பேசி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். தூசி என்று சொல்லி வாயைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். திரும்ப வண்டி கிடைக்கவில்லை. ஆரம்பாக்கத்திலிருந்து பாதி வழி நடை, பாதி வழி உப்பு மூட்டை வண்டியின் பின்பலகை. சத்திரத்துக்கு வந்து சேர்ந்தபோது தெய்வானை என் காலைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைத்தாள்.

"தீவுல கேட்டுப் பாத்தியா?" என்றார் மணியக்காரர். ஏரிக்கு நடுவே பசியாவரம் என்று ஒரு தீவு, முழுக்க மீன்பிடிக்கிறவர்கள். அங்கிருந்து வரும் படகுக்காரன் எல்லப்பனோடு என்னை ஏற்றிவிட்டார்.

ஏரி என்றால் கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது, ஆனால் பாதி இடத்தில் முழங்கால் தண்ணீர்தான். பாதி தூரத்தில் காற்று விழுந்து, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எல்லப்பன் கோலை வைத்துவிட்டுக் கஞ்சிக் கலயத்தை எடுத்தான். "தண்ணி ஏறட்டும். குந்துபா" என்றான். என்னால் எப்படிக் குந்த முடியும்? வானத்தில் வடகிழக்கே மேகம் திரள்வது எனக்குத் தெரிந்தது. இறங்கித் தள்ளினேன். படகு அசையவில்லை, நான்தான் தொடைவரை இறங்கினேன். ஒரு செருப்பை ஏரி விழுங்கிவிட்டது.

கொஞ்சம் தள்ளி ஒரு கிழவனும் அவன் பெண்சாதியும் சேற்றில் கைவிட்டுத் தடவி நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் சேற்றுக்குள்ளேயே என் செருப்பைத் தடவி எடுத்து, நண்டைப் போலவே பின்பக்கமாகப் பிடித்து, தூக்கிக் காட்டினாள். எல்லப்பன் கஞ்சி புரையேறச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பை வாங்கிக்கொண்டு படகில் ஏறி, தண்ணீர் ஏறும்வரை அவன் கலயத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். பாதிக் கஞ்சியை எனக்குத் தந்தான். கேழ்வரகு, சுட்ட கருவாடு. நன்றாக இருந்தது என்று சொல்ல மனம் வராமல் குடித்து முடித்தேன்.

தீவில் இறங்கியதும் ஒன்றைப் பார்த்தேன். அப்போதுதான் கரைக்கு வந்த வலைக்காரர்கள் ஒரு கூடை இறாலும் மடவை மீனும் கொண்டுபோய், மூடியிருந்த ஒரு குடிசை வாசலில் கொட்டினார்கள். உள்ளே காய்ச்சலில் ஒருவன் கிடந்தான். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு இவர்களிடம் முறை உண்டு. சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு நாள் வரும், அதைப் பாடு என்கிறார்கள். அன்று அவன் பாடு. படுத்துவிட்டதால் மற்றவர்கள் அவன் இடத்தில் வலை போட்டு, பிடித்ததையெல்லாம் அவன் வாசலில் கொட்டுகிறார்கள். நாளைக்கு இவர்களில் ஒருவன் படுத்தாலும் அப்படித்தான் என்றான் எல்லப்பன். எங்கள் ஊரில் அண்ணன் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான். இங்கேதான், இவர்களிடம்தான் என்று என் மனம் துள்ளியது.

தீவில் பாய் விஷயத்தில் கடைசிப் பேச்சு கன்னியம்மாளுடையது. ஐம்பது வயதிருக்கும், கையில் வலை முடிச்சு, வாயில் புகையிலை. முதலில் சாப்பிடச் சொன்னாள். நண்டுக் குழம்பு, அதிலும் புளிதான், ஆனால் அதைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவியதும் நான் கேட்டேன். கன்னியம்மாள் முடிச்சுப் போடுவதை நிறுத்தினாள்.

"ஊரெல்லாம் இப்படித்தான் கேட்டுக்கினு திரிஞ்சியா?"

"ஓம்."

"போச்சு" என்றாள். "தனக்குனு எவனும் பாய் கேக்க மாட்டான்பா. கேட்டா, ஏற்கெனவே ஏதோ சீக்கு கீது, அத மறைக்கறான்னுதான் அர்த்தம். உனக்கு இன்னொருத்தன் வந்து கேக்கணும். இன்னாருக்கு இன்னது இருக்கு, இன்னது இல்லனு அவன் சொல்லணும். நாளைக்கு அது பொய்யினு ஆச்சுனா, கேட்டவனும் வந்து பக்கத்துல உக்காந்து பாக்கணும். இதான் முறை."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பொன்னேரியில் குடித்த மோர் அத்தனையும் நினைவுக்கு வந்தது. முகம் சுருங்கிய ஒவ்வொருவரும் என் மனைவிக்குத் தீராத வியாதி என்று நினைத்திருக்கிறார்கள். என்னை உடனே ஒப்புக்கொண்ட ஒரே ஆள் ரங்கப்பா. எனக்காக நீங்களே யாராவது கேளுங்களேன் என்றேன். தீவுக்காரர் கேட்கக்கூடாதாம், பாய் போடுகிறவர்கள் அவர்களே. செட்டியார் கேட்கக்கூடாது, வேலை வாங்குகிறவர். சத்திரத்து மணியக்காரர் கூடாது, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கேட்டால் அந்தப் பேச்சுக்கு மதிப்பிருக்காது. தெய்வானை கேட்கக்கூடாது, ஒரே அடுப்பு. வேறு யாரை எனக்குத் தெரியும் இந்த நாட்டில்? தோணியில் ஏறிப் போய்ச் சாகிறோம் என்று கத்திவிட்டுப் படகைப் பார்த்து நடந்தேன். யாரும் கோபப்படவில்லை. எல்லப்பன் கோலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்று சத்திரத்துக்குத் திரும்பியதும் மணியக்காரரிடம் எகிறினேன். "கேக்கறதுக்கு நீ யாரையாச்சும் புடிச்சிருப்பேனு நெனைச்சேன். நீயே வாயத் தொறந்து கேப்பேன்னு யாரு கண்டா?" என்றார் அவர். அன்று சாயங்காலம் காற்று திசை மாறியது. கரையில் தோணிக்காரர்கள் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சத்திரம்வரை கேட்டது. தெய்வானை துணிகளை மடித்து மூட்டையில் வைக்கத் தொடங்கினாள். நான் எழுந்து, வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தேன்.

மறுநாள் காலை ரங்கப்பா வந்தார். துணிப் பங்கில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகவும், வயிற்றுப்போக்கை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் பேரத்துக்கு வந்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் இருமல் அவரைப் பிடித்துக்கொண்டது. தெய்வானை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணை, உங்களுக்குப் பாய் வீடு எது?"

ரங்கப்பா செம்பைக் கீழே வைத்தார். எந்தக் கேள்விக்கும் வழுக்கிக்கொண்டு ஓடும் மனிதர், செம்பின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வந்தப்ப இவ்ளோ கண்டிப்பு இல்லம்மா" என்றார் கடைசியில். "அப்புறம் யாரு கேப்பா எனக்கு? எங்க அப்பா செத்தாரு, ஊர் வுட்டு வந்துட்டேன். இங்க எனக்குத் தெரிஞ்சவனெல்லாம் நான் ஏமாத்தினவன்."

"இவரை நீங்கள் ஏமாத்தேல்லை. அதுக்கு முதலே எழும்பி வந்திட்டார்" என்றாள் தெய்வானை. "எங்களுக்காக நீங்கள் கேளுங்கோ. உங்களுக்காக இவர் கேப்பார்."

நான் அவளை வெறித்துப் பார்த்தேன். இந்த மனிதருக்காக நான் வாய் திறப்பதா? அவர் எதையாவது மறைத்து, நாளை அது வெளிப்பட்டால் எங்கள் பேரும் சேர்ந்தல்லவா கெடும்? அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "வேற ஆள் இருந்தால் சொல்லுங்கோ, அவரிட்டப் போவம்" என்றாள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

எல்லப்பன் படகில் மூன்று பேரும் ஏறினோம். புதுக் காற்றுக்கு ஏரி சலசலத்தது, இந்த முறை எங்கும் தட்டவில்லை. தெய்வானை வழியெல்லாம் ரங்கப்பாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வந்தாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

கன்னியம்மாள் வீட்டு முன்னால் கூடினார்கள். முதலில் ரங்கப்பா எழுந்தார். இனிப்பாகப் பேசி மயக்குவார், அதற்குத்தானே கூட்டிவந்தோம் என்று நான் நினைத்தேன். அவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ணுக்காக, இவ வூட்டுக்காரருக்காகக் கேக்கறேன்" என்றார். "இவருக்கு ஒண்ணும் இல்ல, ஒரு எடத்துல குந்தமாட்டார், அது ஒண்ணுதான் வியாதி. இந்தம்மாவுக்கு மொதல் கொழந்தை பொறக்கும்போதே போயிடுச்சு. அப்போ ரத்தம் நிக்காம ரொம்ப நாள் கெடந்திருக்கா. மறுபடியும் அப்படி ஆனாலும் ஆகலாம். தெரிஞ்சேதான் கேக்கறேன்."

நான் ஒரு வீட்டிலும் வாய்விடாத விஷயம் அது. முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று தெய்வானையைப் பார்த்தேன். அதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எத்தனை நாள் வலி எடுத்தது, தலை முதலில் வந்ததா, யார் பார்த்தது என்று அவர்கள் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். அந்த நாளைப் பற்றி அவள் அவ்வளவு பேசி நானே கேட்டதில்லை. கன்னியம்மாள் அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "எட்டாம் மாசமே இங்க வந்துடணும். மழையில படகு தள்ளிக்கினு நாங்க வரமுடியாது" என்றாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு பெண் அடுப்பைக் கவனிக்க எழுந்துபோனாள்.

பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். எங்கள் காரியம் ஆகிவிட்டது, ரங்கப்பாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடலாம். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவர் வியாபாரத்தில நேர்மையான ஆள் இல்லை" என்றேன். ரங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். "என்னை ஏமாத்தப் பாத்தவர். உங்களில கனபேரை ஏமாத்தியிருப்பார். இவருக்கு இருமல் இருக்கு, தூசி எண்டு பொய் சொல்லுவார். அது தூசி இல்லை, உள்ளுக்க இருந்து வருது. படுத்தாரெண்டால் கெதியா எழும்பமாட்டார் எண்டு நினைக்கிறன். பாக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. நீங்கள் பாய் போட்டால், நானும் வந்து பக்கத்தில இருப்பன்."

வலைக்காரர்களில் ஒருவன், ஆரம்பாக்கத்தில் இவனிடம் தான் பட்டதைச் சொல்லத் தொடங்கினான். இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். கன்னியம்மாள் கொஞ்சநேரம் கேட்டாள். "அதை சந்தையில வச்சுக்கங்க" என்றாள். "இருமல் இருக்கறவனுக்குத்தான்டா பாய் வேணும். இல்லாதவனுக்கு எதுக்கு?"

ஒப்புக்கொண்டபின் ஒரு வழக்கம் இருக்கிறது. நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பாயில் படுக்கவைத்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். எத்தனை பேர் பிடிக்க வேண்டும், படகிலிருந்து வீடுவரை எப்படிக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். தெய்வானையைப் பெண்கள் தூக்கினார்கள். "ரெண்டு ஆள் கனம்டி" என்று ஒருத்தி சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாழ்ப்பாணத்தை விட்டபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னையும் தூக்கினார்கள். "ஆடாம கெட" என்று எல்லப்பன் அதட்டினான்.

ரங்கப்பாவுக்கு ஆறு பேர் தேவைப்பட்டார்கள். படகோரத்தில் பாயை விரித்ததும் அவர் தயங்கினார், கடுக்கனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பிறகு மெல்லப் படுத்தார். அவரிடம் பட்டதைச் சொன்ன அந்த வலைக்காரனும் ஒரு மூலையைப் பிடித்தான். முனகிக்கொண்டும் திட்டிக்கொண்டும் கரையேறி, கன்னியம்மாள் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவரோரம் இறக்கினார்கள். கையை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.

"ஆச்சு, எந்திரி" என்றாள் கன்னியம்மாள்.

ரங்கப்பா கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன் அக்கா" என்றார்.